டயரில் காற்றைக் குறைத்தால் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் கோடைக்காலத்தில் நடக்கும் பழைய டிராக்டர் இழுவைப் போட்டிகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்தப் போட்டிகளைப் பற்றித் தமிழில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. ஆகவே இரண்டு முறை படித்தேன். திடலின் புழுதியும், எழுபது எண்பது ஆண்டுப் பழைய இயந்திரங்களைத் தாத்தாக்களும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து துடைத்து வரிசையில் நிறுத்தும் காட்சியும் கண்முன் வந்தன. ஆனால் அதில் ஒரு செய்தி என்னை உறுத்தியது. போட்டிக்கு முன் பின்சக்கரங்களில் காற்றை இறக்கிவிடுவார்கள் என்றும், காற்று எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்குப் பிடிப்பு கூடும் என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். திடலில் நிற்கும் பலர் இப்படித்தான் சொல்வார்கள் என்பதால் அவர்மீது குறை காண மாட்டேன். ஆயினும் இது பாதி உண்மை. மற்றப் பாதியை அறியாமல் இதைச் செய்து பார்த்தவர்கள் டயரையும் டியூபையும் இழந்திருக்கிறார்கள்; அவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் இந்த நீண்ட கடிதம்.

நான் இல்லினாய் மாநிலத்தில் இயந்திரத் தொழிற்சாலை ஒன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் வீட்டுக்கு அடுத்த நிலத்துக்காரரிடம் அவருடைய தந்தை வாங்கிய ஃபார்மால் எம் டிராக்டர் ஒன்று இருக்கிறது. இந்த வகை 1939 முதல் 1952 வரை இதே மாநிலத்தின் ராக் ஐலண்டு நகரில் தயாரானது. பன்னிரண்டு கோடைகளாக அந்த வண்டியோடு மாவட்டத் திருவிழாக்களுக்குப் போய்வருகிறேன். ஓட்டுபவர் அவர், காற்றை அளந்து வைப்பவன் நான். நம் ஊர்ப் பெட்ரோல் பங்க்குகளில் ‘எத்தனை பவுண்டு’ என்று கேட்பதைப் போலவே இங்கும் காற்றழுத்தத்தைப் பவுண்டில்தான் சொல்கிறார்கள். சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்பது அதன் பொருள். இங்கே எடையையும் பவுண்டில்தான் நிறுப்பார்கள். குழப்பம் வராமல் இருக்க இந்தக் கடிதத்தில் எடையை மட்டும் கிலோவில் சொல்கிறேன்.

முதலில் போட்டியின் அமைப்பைச் சொன்னால்தான் காற்றின் பங்கு விளங்கும். டிராக்டரின் பின்னால் சறுக்கு வண்டி ஒன்றைச் சங்கிலியால் மாட்டுவார்கள். அந்த வண்டியில் ஒரு பெரிய எடைப்பெட்டி இருக்கும். தொடக்கத்தில் பெட்டி சறுக்கு வண்டியின் பின்சக்கரங்களுக்கு மேலே நிற்கும். வண்டி நகர நகர அது தானாகவே முன்னோக்கி வந்து, தரையில் உராயும் முன்பக்கத் தகட்டின்மீது பாரத்தை ஏற்றும். ஆகவே முதல் சில அடிகளில் எளிதாக வரும் சுமை, போகப் போகப் பிடித்து நிறுத்தும். 300 அடி, அதாவது ஏறக்குறைய 91 மீட்டர் இழுத்துவிட்டால் முழு இழுவை என்று கொடி காட்டுவார்கள். அதற்குள் நின்றுவிட்டால் நின்ற இடம்வரை அளப்பார்கள். இப்படிப்பட்ட வண்டிகள் வருவதற்கு முன், தடத்தின் ஓரத்தில் ஆட்கள் வரிசையாக நின்று, சறுக்குப் பலகை தம்மைக் கடக்கும்போது ஒவ்வொருவராக அதில் ஏறிக்கொள்வார்கள். மனிதர்களே கூடிக்கொண்டு போகும் சுமை. அதற்கும் முன் குதிரைகளைக் கொண்டு இழுத்தார்கள். இயந்திரங்களை வைத்து நடந்த முதல் போட்டிகள் 1929இல் மிசௌரி, ஓஹையோ மாநிலங்களில் நடந்தன.

பழைய டிராக்டர் பிரிவில் வேகத்துக்கு இடமில்லை. பல சங்கங்கள் மனிதர் விரைந்து நடக்கும் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்றே விதி வைத்திருக்கின்றன. ஆயிரக்கணக்கான குதிரைத்திறனோடு மண்ணை வாரி இறைத்துக்கொண்டு ஓடும் பெரிய பிரிவு வண்டிகளுக்கும் இதற்கும் உள்ள முக்கியமான வேறுபாடு இதுதான். அங்கே சக்கரம் அதிவேகமாகச் சுழன்று மண்ணைக் கிழித்துப் பிடிப்பைத் தேடுகிறது. இங்கே சக்கரம் மெதுவாக உருண்டு, மண்ணை அழுத்தி, அந்த மண் உடைவதற்குள் அடுத்த அடியை வைக்க வேண்டும். ஒரு கணக்குச் சொல்கிறேன். 1,800 கிலோ இழுவை விசையோடு மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நகர 33 குதிரைத்திறன் போதும். ஃபார்மால் எம் போன்ற வண்டிக்கு அது பிறந்த காலத்திலிருந்தே ஏறக்குறைய அந்தத் திறன் உண்டு. ஆகவே பல நேரங்களில் வண்டியை நிறுத்துவது இயந்திரத்தின் களைப்பல்ல. டயருக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள பிடி விடுவதுதான். இழுப்பவர்கள் காற்றைப் பற்றி இத்தனை கவலைப்படுவதற்குக் காரணம் இது.

டிராக்டருக்கு ரப்பர் டயர் வந்த கதையே குறைந்த காற்றின் கதைதான் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 1930களின் தொடக்கம்வரை டிராக்டர்கள் முள்முள்ளாக இரும்புப் பற்கள் பதித்த சக்கரங்களோடுதான் ஓடின. 1932இல் அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனத்தார் விஸ்கான்சின் மாநிலத்தின் வாக்கிஷா அருகே ஒரு பால் பண்ணையில், தங்கள் யு வகை டிராக்டரில் ஃபயர்ஸ்டோன் நிறுவனத்தின் விமான டயர்களை மாட்டி, சுமார் 15 பவுண்டு காற்றோடு உழுது பார்த்தார்கள். லாரிக்கு வைப்பதுபோல் இறுக்கமாகக் காற்றடித்த டயர் கல்லைப் போல் குதிக்கும். மென்மையாக வைத்த டயர் நிலத்தோடு படியும். உழவர்கள் முதலில் நம்பவில்லை. அவர்களுக்குக் காட்டுவதற்காகப் பந்தய ஓட்டுநர் பார்னி ஓல்ட்ஃபீல்டை 1933இல் அந்த வகை டிராக்டரில் ஏற்றி, மணிக்கு 64 மைல் வேகத்தில் ஓட வைத்தார்கள். வேகம் விளம்பரத்துக்கு; டயர் வயலில் நிலைத்தது அந்தக் குறைந்த காற்றால்.

இனி கட்டுரையாளர் சொன்ன பாதி உண்மைக்கு வருகிறேன். சக்கரத்தின்மீது இறங்கும் எடையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால், டயர் தரையைத் தொடும் பரப்பு தோராயமாகக் கிடைக்கும். பின்சக்கரம் ஒன்றின்மீது 800 கிலோ இருக்கிறது என்று கொள்வோம். 18 பவுண்டு காற்றில் தொடும் பரப்பு சுமார் 98 சதுர அங்குலம். 12 பவுண்டாக இறக்கினால் சுமார் 147 சதுர அங்குலம். டயரின் பக்கச்சுவரே ஓரளவு எடையைத் தாங்குவதால் உண்மையான அளவு இதிலிருந்து மாறும் என்றாலும், போக்கு இதுதான். பரப்பு பெரும்பாலும் நீளவாட்டில் கூடுகிறது; அதனால் டயரின் தடித்த பட்டைகளில் ஒன்றிரண்டு கூடுதலாக மண்ணில் பதிகின்றன. இதுவரை கட்டுரை சொன்னது சரி.

ஆனால் கூடுதல் பரப்பு எல்லா மண்ணிலும் ஒரே அளவு பயன் தருவதில்லை. மண் தாங்கக்கூடிய இழுவை இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, மண்ணின் ஒட்டுந்தன்மை. இது தொடும் பரப்பைப் பொறுத்துக் கூடும். மற்றொன்று, மண்துகள்களின் உராய்வு; இது மேலே அழுத்தும் எடையைப் பொறுத்துக் கூடும், பரப்பை அது பொருட்படுத்தாது. ஈரப்பதமான களிமண் தடத்தில் ஒட்டுந்தன்மை மேலோங்கும், அங்கே காற்றைக் குறைப்பது கைமேல் பலன் தரும். மணல் கலந்த, உலர்ந்த, உதிர்ந்த தடத்தில் உராய்வுதான் எல்லாம். அங்கே காற்றைக் குறைத்து எதிர்பார்த்த அளவு கிடைக்காமல் பலர் ஏமாந்துபோவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அந்த மண்ணில், அனுமதிக்கப்பட்ட எடையில் இன்னும் கொஞ்சத்தைப் பின்சக்கரத்தின் பக்கம் நகர்த்துவதே பயன் தரும். தடத்தைக் கையால் கிள்ளி உருட்டிப் பார்க்காமல் காற்றைத் தொடக் கூடாது என்று என் அண்டைவீட்டுக்காரர் சொல்வார். உருண்டையாகப் பிடித்தால் ஒரு முடிவு, உதிர்ந்தால் வேறு முடிவு.

இதில் இழுப்பவர்களிடையே பழைய சச்சரவு ஒன்று உண்டு. காய்ந்து இறுகிய தடத்தில் காற்றைக் கூட்டினால்தான் பட்டைகள் குத்திப் பிடிக்கும் என்று ஒரு சாராரும், குறைத்தால்தான் பட்டைகள் எல்லாம் தரையைத் தொடும் என்று மற்றொரு சாராரும் வாதிடுவார்கள். நான் பார்த்த அளவில், இறுகிய களிமண்ணில் டயரின் முழு அகலமும் தரையைத் தொடும்வரை காற்றைக் குறைப்பது நல்லது. அதற்குக் கீழே போவதால் ஒன்றும் கிடைப்பதில்லை. மேலே இரண்டு அங்குலம் தளர்ந்த மண்ணும் அடியில் கெட்டித் தரையும் இருக்கும் தடத்தில், ஒன்றிரண்டு பவுண்டு கூடுதலாக வைத்தால் பட்டைகள் தளர்மண்ணைக் கடந்து அடித்தரையை எட்டுகின்றன. ஒரே நாளில், ஒரே தடத்தில், முதல் பத்து வண்டிகள் ஓடி முடித்த பிறகு மண்ணே மாறிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். காலையில் வைத்த காற்று மாலை வரிசைக்குச் சரியாக இருக்கும் என்று எண்ணக் கூடாது.

மிகவும் குறைத்தால் என்ன ஆகும் என்பதை என் அனுபவத்திலிருந்தே சொல்லலாம். சில ஆண்டுகளுக்கு முன், ஆகஸ்டு மாதத்தில், மாவட்டத் திருவிழா ஒன்றில், எங்களுக்கு முன்னால் இழுத்த ஒருவர் 8 பவுண்டு காற்றோடு முழு இழுவை அடித்தார். அவருடைய டயரும் எங்களுடையதும் அளவில் ஒன்றே. நானும் 8 பவுண்டுக்கு இறக்கினேன். முதல் 200 அடிவரை வண்டி அருமையாகப் போயிற்று. சுமை ஏறியபோது இடப்பக்க ரிம் டயருக்குள் வழுக்கிச் சுழன்றது. டயர் மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்க, ரிம் மட்டும் நகர, டியூபின் வால்வு ரிம்மின் துளையில் சிக்கி வேரோடு பிய்ந்தது. ஒரு நொடியில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஓட்டுநர் உடனே கிளட்சை மிதித்ததால் அவருக்கு ஒன்றும் நேரவில்லை. முப்பது ஆண்டுகளாகப் பத்திரப்படுத்திய டயரின் உள்விளிம்பு ரிம்மில் அறுபட்டு வீணாயிற்று. அன்று மாலை அந்த வெற்றி பெற்றவரின் வண்டியைப் போய்ப் பார்த்தேன். அவருடைய ரிம் எங்களுடையதைவிட இரண்டு அங்குலம் அகலம். அவருடைய வண்டி எங்களுடையதைவிட ஏறக்குறைய 500 கிலோ குறைந்த எடைப்பிரிவில் இருந்தது. நான் எடுத்துக்கொண்டது அவருடைய எண்ணை மட்டுமே.

ரிம்மின் அகலத்தைப் பற்றித் திடலில் யாரும் அதிகம் பேசுவதில்லை, பேச வேண்டும். குறுகிய ரிம்மில் அகலமான டயரை மாட்டினால், பக்கச்சுவர்கள் உள்ளே இழுக்கப்பட்டு டயரின் மேற்பகுதி குவிந்து நிற்கும். அதைத் தட்டையாக்க நிறையக் காற்றை இறக்க வேண்டியிருக்கும். அதற்குள் டயரின் உள்விளிம்பு ரிம்மைப் பற்றும் பிடி தளர்ந்துவிடும். பொருத்தமான அகலமுள்ள ரிம்மில் அதே டயர் இயல்பாகவே தட்டையாக உட்காரும். காற்றை அந்த அளவுக்குக் குறைக்க வேண்டியதே இல்லை. டயரின் உள்ளமைப்பும் அப்படியே. இந்தப் பழைய வண்டிகளில் பெரும்பாலும் இருப்பவை இழைகள் குறுக்கும் மறுக்குமாக ஓடும் பயஸ் டயர்கள். இவற்றின் பக்கச்சுவர் விறைப்பாக இருக்கும். இவற்றில் காற்றை மிகவும் குறைத்தால் நடுப்பகுதி மேலே வளைந்து தரையை விட்டு எழும்பும்; ஓரங்கள் இரண்டும் எடையைத் தாங்கும், நடுவே பிடிப்பு இராது. தொடும் பரப்பைக் கூட்டப் போய் அதைக் குறைத்துக்கொள்கிறோம் என்பதுதான் கட்டுரை சொல்லாமல் விட்ட உண்மை. ரேடியல் டயர்கள் மேற்பகுதியில் உறுதியான வளையம் கொண்டவை. பக்கச்சுவர் மெலிந்து நெகிழும். ஆகவே ஒரே எண்ணை இரண்டுக்கும் வைப்பது தவறு.

பயஸ் டயரோடு, எங்கள் எடைப்பிரிவில், 12 பவுண்டுக்கும் 16 பவுண்டுக்கும் இடையில்தான் எங்கள் வண்டி நன்றாக இழுத்திருக்கிறது. இந்த எண்ணைக் கூச்சத்தோடுதான் எழுதுகிறேன். ஏனெனில் படிப்பவர் எவரேனும் அதை அப்படியே எடுத்துக்கொண்டால், நான் செய்த தவற்றையே செய்தவர் ஆவார்.

சிலர் டயருக்குள் கால்சியம் குளோரைடு கரைசலை நிரப்பி எடையைக் கூட்டுவார்கள். குளிர்காலத்தில் உறையாது என்பதால் பண்ணைகளில் இது பழைய வழக்கம்; எங்கள் டயர் அளவுக்கு ஒரு சக்கரத்தில் 200 கிலோவுக்கு மேல் ஏறும். இழுவைப் போட்டிக்கு இது எனக்கு உடன்பாடில்லை. ரிம் துருப்பிடிக்கும் என்பது ஒரு பக்கம். எடையை இடம் மாற்ற முடியாது என்பது இன்னொரு பக்கம். காற்றைப் பொறுத்தமட்டில் இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. டயரின் முக்கால் பாகம் நீர் நின்றால், மேலே காற்றுக்கு இருப்பது கால் பாகம் இடமே. சுமையில் டயர் சற்று நசுங்கி அதன் கொள்ளளவு நூற்றுக்கு இரண்டு பங்கு குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். முழுவதும் காற்றாக இருந்தால், 12 பவுண்டு டயரில் அழுத்தம் அரைப் பவுண்டுதான் கூடும். முக்கால் பாகம் நீர் இருந்தால் இரண்டு பவுண்டுக்கு மேல் கூடிவிடும், ஏனெனில் நீர் சுருங்காது. நசுங்கலை முழுவதும் அந்தக் கால் பாகக் காற்றுதான் ஏற்க வேண்டும். நின்றபோது மென்மையாக இருந்த டயர், இழுக்கும்போது இறுகிக்கொள்கிறது. மேலும், அளக்கும்போது வால்வு உச்சியில் இல்லாவிட்டால் நீரின் அழுத்தமும் சேர்ந்து தவறான எண்ணைக் காட்டும். சாதாரணக் காற்றழுத்த அளவியும் அந்தக் கரைசல் பட்டால் அரித்துப் போகும். இரும்பு எடைக்கட்டிகளே மேல்.

இழுக்கும்போது டயரின் மேல் இறங்கும் எடை, தராசில் நின்றபோது இருந்த எடையல்ல என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். பல சங்கங்களில் இழுவைக் கொக்கியின் உயரம் தரையிலிருந்து 20 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. கொக்கியில் 1,800 கிலோ இழுவை வந்தால், அந்த விசையை 20 அங்குலத்தால் பெருக்கி, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரமான ஏறக்குறைய 89 அங்குலத்தால் வகுக்க, சுமார் 400 கிலோ முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்கு மாறுகிறது. முன்சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் ஓடுவதைப் பார்வையாளர்கள் ரசிப்பார்கள். அப்போது பின்டயர் ஒவ்வொன்றும் 200 கிலோ கூடுதலாகத் தாங்கி நசுங்கியிருக்கிறது. இதோடு அச்சின் முறுக்கு விசை பக்கச்சுவரில் சுருக்கங்களை உண்டாக்கும். ஆகவே நிற்கும் டயரைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் இறக்கலாமே என்று தோன்றினால், இழுக்கும் வேளையில் அது ஏற்கெனவே இறங்கிவிடும் என்று நினைத்துக்கொள்ள வேண்டும்.

இதிலிருந்து செயல்முறையில் ஒரு வரிசை பிறக்கிறது. முதலில் காற்று, பிறகு கொக்கியின் உயரம். காற்றை இறக்கினால் வண்டியின் பின்புறம் தாழும், கொக்கியும் தாழும். ஒவ்வொரு அங்குலமும் பின்பக்கத்துக்கு மாறும் எடையில் குறைவை உண்டாக்கும். கொக்கியை முன்பே 20 அங்குலத்துக்கு வைத்துவிட்டுப் பின்னர் காற்றைக் குறைப்பவர்கள், தங்களுக்கு உரிமையுள்ள உயரத்தைத் தாங்களே இழக்கிறார்கள். மாறாக, கொக்கியை வைத்த பிறகு காற்றைக் கூட்டினால் அளவு விதியைத் தாண்டி, வண்டி தகுதி இழக்கவும் நேரும். இதைத் திடலில் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

வெயில் செய்யும் வேலை இன்னொன்று. இங்கே ஆகஸ்டு மாதக் காலையில் 15 டிகிரி செல்சியஸ் இருக்கும். பிற்பகலில் 32 வரை ஏறும். காலையில் 12 பவுண்டு வைத்த டயர், ஒருவரும் தொடாமலே பிற்பகலில் ஏறக்குறைய 13.5 பவுண்டு காட்டும். கறுப்பு ரப்பர்மீது நேர்வெயில் பட்டால் இன்னும் கூடும். வண்டியை வரிசையில் நிறுத்தும்போது ஒரு டயர் வெயிலிலும் மற்றது நிழலிலும் இருந்தால் இரண்டும் வேறாகிவிடும். இடமும் வலமும் ஒரு பவுண்டு வேறுபட்டாலும் உருளும் ஆரம் சற்றே மாறும். வண்டி ஒரு பக்கமாக இழுக்கத் தொடங்கும். ஓட்டுநர் பிரேக்கைத் தொட்டு நேராக்க வேண்டிய நிலை வந்தால், அங்கே செலவாகும் விசை தூரத்தில் கழியும். அதனால் எங்கள் முறை வருவதற்கு இரண்டு வண்டிகள் முன்பாக, இரண்டு டயரையும் ஒரே அளவியால், ஒரே மூச்சில் அளந்து சமன் செய்கிறேன்.

அளவியைப் பற்றியும் ஒரு சொல். காருக்கு வைத்திருக்கும் அளவியை இங்கே கொண்டுவரக் கூடாது. அது இரண்டு பவுண்டு தவறாகக் காட்டினாலும் 32 பவுண்டு டயருக்குப் பெரிய தீங்கில்லை. 12 பவுண்டு டயரில் அதே இரண்டு பவுண்டு ஆறில் ஒரு பங்கு. முப்பது பவுண்டுவரை மட்டும் காட்டும், அரைப் பவுண்டுக்கும் கோடு போட்ட அளவியை வாங்கி, துணியில் சுற்றித் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். உண்மையான அழுத்தம் எது என்பதைவிட, சென்ற முறையும் இந்த முறையும் ஒரே அளவியால் அளந்தோமா என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. குறிப்பேட்டில் நாள், தடத்தின் மண், வெப்பநிலை, எடைப்பிரிவு, இரண்டு டயரின் காற்று, இழுத்த தூரம் ஆகியவற்றை எழுதி வைக்கிறேன். அந்தக் குறிப்பேடு இல்லாவிட்டால் எனக்கு இந்தக் கடிதத்தை எழுதும் தகுதி இருந்திராது.

சரியான அளவை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பவர்களுக்குச் சொல்வது மிக எளிய வழி. ஒரு சுண்ணக்கட்டியால் டயரின் பக்கச்சுவரிலிருந்து ரிம்வரை ஒரு நேர்க்கோடு இழுங்கள். இழுத்து முடித்ததும் பாருங்கள். கோடு முறியாமல் இருந்தால் ரிம் வழுக்கவில்லை. அரை அங்குலம் விலகியிருந்தாலும் அடுத்த முறை இரண்டு பவுண்டு கூட்டுங்கள், இல்லையேல் வால்வு உங்களுக்குச் சொல்லித்தரும். பிறகு தடத்தில் பதிந்த சுவடைப் பாருங்கள். நடுவில் மட்டும் ஆழமாகப் பதிந்து ஓரங்கள் மங்கியிருந்தால் காற்று அதிகம்; ஓரங்கள் ஆழமாகவும் நடு மங்கியும் இருந்தால் காற்று குறைவு; முழு அகலத்திலும் ஒரே ஆழமாக இருந்தால் நிறுத்திக்கொள்ளலாம். ஒரு நேரத்தில் ஒரு பவுண்டு மாற்றினால் போதும். எடையையும் காற்றையும் ஒரே சமயத்தில் மாற்றுபவர்களுக்கு எது பலன் தந்தது என்பது ஒருபோதும் தெரியப்போவதில்லை. சக்கரம் சற்று வழுக்குவதைக் கண்டு அஞ்சவும் வேண்டாம். இழுக்கும் டயர் வழுக்காமல் இழுக்க முடியாது. சக்கரம் 100 அடிக்கு உருண்டு வண்டி 80, 85 அடி நகர்வது இயல்பே. வண்டி நிற்க, சக்கரம் மட்டும் குழி பறிப்பதுதான் தோல்வி.

டயரை மீண்டும் ரிம்மில் ஏற்றும்போது மட்டும் அவசரம் கூடாது. விளிம்பு உட்காரவில்லை என்று 35 பவுண்டுக்கு மேல் காற்றடிப்பது உயிருக்கே ஆபத்து; விளிம்பின் கம்பி அறுந்தால் டயர் வெடித்து எழும். காற்றை இறக்கி, சோப்பு நீர் தடவி, மீண்டும் முயல வேண்டும். டயர் மாட்டியிருக்கும்போது ரிம்மில் பற்றவைப்பு செய்வதும் அப்படியே; எவர் சொன்னாலும் செய்யக் கூடாது. பக்கச்சுவரில் வெடிப்பு ஓடிய பழைய டயர்களை, அவை எத்தனை அரிதானவையாக இருந்தாலும், கண்காட்சிக்கு வைத்துக்கொள்ளலாம். குறைந்த காற்றோடு இழுக்க விடக் கூடாது.

தங்கள் வாசகர்களில் பலர் தமிழ்நாட்டில் டிராக்டர் வைத்திருப்பவர்கள் என்பதால் ஒன்றைக் கூறக் கடமைப்பட்டிருக்கிறேன். மேலே சொன்ன எண்கள் 91 மீட்டர் மண்தடத்தில், நடை வேகத்தில், ஒரு நிமிடம் ஓடும் வண்டிக்கு உரியவை. கரும்பு ஏற்றிய டிரெய்லரைத் தார்ச்சாலையில் இழுக்கும் வண்டிக்கு இவற்றை வைத்தால் பக்கச்சுவர் சூடேறி, உள்ளிழைகள் பிரிந்து, சில வாரங்களில் டயர் பாழாகும். அங்கே டயர் தயாரித்தவர் தரும் அட்டவணையைப் பார்த்து, ஏற்றும் எடைக்கு உரிய காற்றையே வைக்க வேண்டும். கட்டுரையின் அந்த வாக்கியத்தைப் படித்துவிட்டு யாரேனும் வீட்டு வண்டியில் காற்றை இறக்கிவிடக் கூடாதே என்ற கவலையும் இந்தக் கடிதத்துக்கு ஒரு காரணம்.

நாங்களும் இழுவை முடிந்தவுடன், வண்டியைப் பெரிய லாரியில் ஏற்றுவதற்கு முன்பே, திடலின் ஓரத்தில் நின்று இரண்டு டயருக்கும் காற்றை மீண்டும் ஏற்றிவிடுகிறோம். ஏற்றும் பலகையின் விளிம்பில் தளர்ந்த டயர் மடிந்து அதன் உள்விளிம்பு ரிம்மிலிருந்து கழன்றதை ஒரு முறை பார்த்திருக்கிறேன். அடுத்த இதழில் இடமிருந்தால், அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டுமாவது திருத்தம் வெளியிடுமாறு வேண்டிக்கொள்கிறேன். கட்டுரையாளர் மறுபடி இந்தப் பக்கம் வந்தால், வரிசையில் எங்கள் வண்டிக்கு அருகில் நின்று, அளவியைத் தம் கையிலேயே பிடித்துப் பார்க்கலாம்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
இல்லினாய், அமெரிக்கா